பெரிய ரெட் டிரம் பிடிக்க மாலைப் படகு: பாம்லிகோ பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை பிறந்தால் போதும், ராலே, கேரி பக்கம் இருக்கிற நண்பர்கள் ஒரே மாதிரியான கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில் பாம்லிகோ சவுண்ட் என்கிற பெரிய உப்பங்கழியில், கேப்டனோடு வாடகைக்குக் கிடைக்கும் படகில் மாலையில் கிளம்பிப்போய், ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ரெட் டிரம் மீனைத் தூண்டிலில் பிடிப்பது பற்றிய கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் கேப்டன் இல்லை, ஏழு வருடமாக விடாமல் போய்வருகிறவன், அவ்வளவுதான்.

ரெட் டிரம் என்றால் என்ன மீன்? நம் ஊரில் கிடைக்குமா?

நம் கடலில் இயற்கையாகக் கிடையாது. ஆனால் அதன் சொந்தக்காரர்களை நீங்கள் நிறையச் சாப்பிட்டிருப்பீர்கள். கத்தாளை, பன்னா என்று மீன் கடையில் வாங்குகிறோமே, அதே குடும்பம்தான். முகவாட்டம்கூட அப்படியே இருக்கும், கீழ்ப்பக்கம் பார்த்த வாய், தரையைத் துழாவித் தின்பதற்கென்றே அமைந்தது. உடம்பு செம்பு நிறம். வால் தொடங்கும் இடத்தில் கண் மாதிரி ஒரு கரும்புள்ளி, சில மீன்களுக்கு இரண்டு மூன்று.

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழ்கிறது. வளைகுடாப் பக்கம் ரெட்ஃபிஷ் என்பார்கள். நார்த் கரோலினாவின் பழைய ஆட்கள் சேனல் பாஸ் என்பார்கள், 1971-இல் மாநிலத்தின் உப்புநீர் மீனாக அறிவித்ததும் அந்தப் பெயரில்தான். குட்டிக்குப் பப்பி டிரம், முதிர்ந்ததற்கு ஓல்ட் டிரம். இந்தப் பதிவு முழுக்க நாம் பேசப்போவது ஓல்ட் டிரம் பற்றி. உலக சாதனை மீனும் இந்த மாநிலத்தில்தான் பிடிபட்டது: 1984 நவம்பரில் ஹேட்டராஸ் தீவின் ஏவன் கடற்கரையில் டேவிட் டியூல் பிடித்த 94 பவுண்டு 2 அவுன்ஸ் மீன், ஏறக்குறைய 42.7 கிலோ. இத்தனை வருடம் ஆகியும் அதை யாரும் தாண்டவில்லை.

சரி, எங்கே போக வேண்டும்? கடலுக்குள்ளா?

கடலுக்குள் இல்லை. பழவேற்காடு ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள், கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீளமான மணல் திட்டு, அங்கங்கே கடல்நீர் உள்ளே வர ஒரு வாய். பாம்லிகோ சவுண்டும் அதே அமைப்புதான், ஆனால் சுமார் 80 மைல் நீளம். வெளியே அவுட்டர் பேங்க்ஸ் என்கிற மணல் தீவு வரிசை. ஓக்ரகோக், ஹேட்டராஸ் முகத்துவாரங்கள் வழியாகக் கடல்நீர் வருகிறது. மறுபக்கத்திலிருந்து நியூஸ் ஆறும் பாம்லிகோ ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. இத்தனை பெரிய நீர்ப்பரப்பில் பெரும்பாலான இடம் இருபதடி ஆழம்கூட இல்லை.

நாங்கள் போவது ஓரியண்டல் என்கிற சின்ன ஊருக்கு. ராலேயிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், வழியில் நியூ பெர்ன் வரும். ஊரை ஒட்டி ஓடும் நியூஸ் ஆறு முகத்துவாரத்தை நெருங்க நெருங்க மைல் கணக்கில் அகன்றுவிடும், மறுகரை ஒரு கோடாகத்தான் தெரியும். முதல் தடவை பார்த்தபோது ஆறு என்று எனக்கு நம்பவே முடியவில்லை.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. முகத்துவாரங்களிலிருந்து தள்ளி உள்ளே வந்துவிட்டால் நிலவை வைத்து வரும் ஏற்ற இறக்கம் கண்ணுக்கே தெரியாது. தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும் காற்றுதான். வடகிழக்கிலிருந்து இரண்டு நாள் அடித்தால் நியூஸ் ஆற்றில் தண்ணீர் ஏறி நிற்கும், தென்மேற்கிலிருந்து அடித்தால் வடிந்துவிடும். அதனால் அலை அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தேதி குறிக்காதீர்கள், அது இங்கே உதவாது. கேப்டன்கள் பார்ப்பது காற்றை மட்டும்.

ஏன் மாலையில்? காலையில் போனால் கிடைக்காதா?

கிடைக்கும். பகலில் மென்ஹேடன் என்கிற இரை மீன் கூட்டத்தைத் தேடிப்போய், மேலே மிதவையும் கீழே பெரிய ரப்பர் மீனும் கட்டி எறிந்து பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் அருமையான வேலைதான். ஆனால் நாள் முழுக்க எறிந்துகொண்டே இருக்க வேண்டும், கரோலினாவின் ஆகஸ்ட் வெயிலில் அது எல்லோருக்கும் ஒத்துவராது.

பொழுது சாயும்போது நிலைமை மாறுகிறது. பகலில் ஆழமான பக்கத்தில் கிடந்த மீன்கள் மேடான இடங்களின் ஓரத்துக்கு இரை தேடி வருகின்றன. இந்த மீன் இருட்டில் கண்ணைவிட மூக்கை நம்புகிறது, அதனால் வெட்டிப்போட்ட இரையின் வாடை தண்ணீரில் பரவ ஆரம்பித்தால் தூரத்திலிருந்தும் தேடி வந்துவிடும். அப்புறம் இது அவற்றின் இனப்பெருக்கக் காலம், ஜோடி சேர்வதும் அந்தி நேரத்தில்தான். ஆக, அந்த நான்கைந்து மணி நேரத்தில் பெரிய மீன்கள் எல்லாம் விழித்து நடமாடிக்கொண்டிருக்கும்.

எந்த மாதம் நல்லது?

ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. ஜூலையிலேயே மீன் வரத் தொடங்கிவிடும், அக்டோபரில் வெளிக்கரைக்குப் போய்விடும். எனக்குப் பிடித்தது செப்டம்பர் முதல் இரண்டு வாரம், வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும். ஆனால் அதுதான் புயல் காலத்தின் உச்சமும், ஆகையால் ஒரு மாற்றுத் தேதியையும் சேர்த்தே பேசி வையுங்கள்.

படகில் ஏறியதிலிருந்து என்ன நடக்கும்?

ஐந்து மணி வாக்கில் படகுத்துறைக்கு வரச் சொல்வார்கள். படகு 22 முதல் 24 அடி இருக்கும், கூரை இல்லாத திறந்த படகு. அரை மணி ஓட்டத்தில் கேப்டன் ஒரு மேட்டின் விளிம்பைத் தேர்ந்தெடுத்து, ஆழமானியில் பத்தடி எட்டடி என்று பார்த்துக்கொண்டே போய், காற்றுக்கு எதிரே நங்கூரம் போட்டு இன்ஜினை அணைத்துவிடுவார். பல கேப்டன்கள் அதற்குப் பிறகு படகில் தொப்பென்று எதையும் போட விடமாட்டார்கள், அத்தனை ஆழம் குறைந்த தண்ணீரில் சத்தம் நேராகக் கீழே இறங்கும்.

இரை பெரும்பாலும் மடவை. ஆமாம், நம் மடவை மீனேதான், இங்கே மல்லட் என்கிறார்கள். அன்று பிடித்ததாக இருந்தால் உத்தமம். செதில் சீவி, உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு போட்டு, தலையையும் தனியாக வைத்துக்கொள்வார்கள். தலையில் தூண்டில் முள்ளை மாட்டினால் நண்டு சீக்கிரம் அரித்துத் தின்ன முடியாது, பெரிய மீன் மட்டும்தான் கை வைக்கும். கடைசியாக நான் பிடித்த மூன்று ஓல்ட் டிரம்மில் இரண்டு தலைக்குத்தான் விழுந்தன.

ஆறேழு தூண்டில் கோல்களைப் படகின் பின்புறம் விசிறி மாதிரி பரப்பி, ஒவ்வொன்றையும் குழாயில் செருகி வைத்துவிட்டு, உட்கார்ந்துவிட வேண்டியதுதான். சூரியன் இறங்கும். கூழைக்கடாக்கள் வரிசையாகத் தண்ணீரை உரசிக்கொண்டு கரைக்குத் திரும்பும். கோல் நுனியில் சின்னப் பச்சை ஒளிக்குச்சி கட்டியிருப்பார்கள், இருட்டியதும் அந்த ஆறேழு பச்சைப் புள்ளிகளைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தோன்றாது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரையை மாற்றுவார்கள். பேச்சு மெல்ல மெல்லக் குறையும். அப்புறம் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் இரண்டு தடவை தலையாட்டும், மூன்றாவது தடவை அப்படியே தண்ணீரை நோக்கிச் சாயும், ரீல் கத்தும்.

மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்க வேண்டாமா?

கூடவே கூடாது. ஊரில் குளத்திலும் ஆற்றிலும் தூண்டில் போட்டுப் பழகினவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது, சுண்டி இழுத்தால்தான் முள் ஏறும் என்று கை தானாகவே போகும். இங்கே பயன்படுத்துவது சர்க்கிள் ஹூக், அதாவது நுனி உள்நோக்கித் தண்டைப் பார்த்து வளைந்த முள். சுண்டினால் வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். கோலைக் குழாயிலேயே விட்டுவிட வேண்டும். மீன் இரையை வாயில் போட்டுக்கொண்டு திரும்பி நீந்தும், அப்போது முள்ளோடு கட்டியிருக்கும் ஈயக்குண்டின் கனம் முள்ளைப் பின்னால் இழுக்கும், முள் தொண்டையில் குத்தாமல் நழுவி வந்து வாய்க் கோடியில் தானாக மாட்டிக்கொள்ளும். கோல் முழுசாக வளைந்து நின்ற பிறகு எடுத்து, நிதானமாகச் சுற்றத் தொடங்கினால் போதும்.

இந்த முள்ளும் ஈயமும் சேர்ந்த கட்டுதான் இந்த மீன்பிடிப்பின் உயிர்நாடி. பாம்லிகோ பக்கத்து மீனவர் ஓவன் லப்டன் பெயரால் இதை லப்டன் ரிக் என்று சொல்கிறார்கள். ஈயத்துக்கும் முள்ளுக்கும் நடுவில் நரம்பு, அதாவது தூண்டில் இழை, ஆறு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஈயம் நகராமல் நிலையாக நிற்க வேண்டும், முள்ளின் நுனிக்குப் பின்னால் திரும்பி நிற்கும் சின்ன முள்ளைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். நரம்பு நீளமாக இருந்தால் மீன் இரையை விழுங்கி முடித்த பிறகுதான் ஈயத்தின் இழுப்பை உணரும். ஆறு அங்குலம் என்றால் விழுங்குவதற்கு முன்பே உணர்ந்துவிடும். நியூஸ் ஆற்றில் செய்த ஆய்விலும் இந்தக் கட்டில் ஆழமாக முள் விழுங்கும் மீன்கள் பெரிதும் குறைந்தது தெரிந்தது.

இப்போது இது சட்டமும்கூட. ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை பாம்லிகோ சவுண்டிலும் அதில் சேரும் ஆறுகளிலும் இயற்கை இரையோடு 4/0 அளவைவிடப் பெரிய முள் போட்டால், அது பின்முள் நசுக்கிய சர்க்கிள் ஹூக்காகவும், ஈயம் குறைந்தது இரண்டு அவுன்ஸ் கனத்தோடு நிலையாகவும், இடைவெளி ஆறு அங்குலத்துக்குள்ளும் இருக்க வேண்டும்.

கேப்டனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை, எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு இதுதான் முதல் கேள்வி, அதற்குக் காரணம் என்னுடைய முதல் பயணம்.

அந்த வருடம் எனக்கு எதுவும் தெரியாது. விலை குறைவாகச் சொன்ன ஒரு படகில் ஏறினோம். நரம்பு என் முழங்கை நீளத்துக்குக் குறையாமல் இருந்தது, கோல்களும் மெல்லியவை. மீன் மாட்டியதும் எல்லோரும் கை தட்டினார்கள், நான் இருபத்தைந்து நிமிடம் சண்டை போட்டேன், பெருமையாகக்கூட இருந்தது. மேலே வந்தபோது முள் தெரியவே இல்லை, தொண்டைக்குள் போயிருந்தது, செவுளோரம் ரத்தம். நரம்பை வெட்டித் தண்ணீரில் விட்டோம். அது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது, விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை வயிறு தெரிந்துகொண்டே தள்ளித் தள்ளிப் போனது. சரியாகிவிடும் என்று படகில் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடு வரும் வரை காரில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அதனால் இப்போதெல்லாம் போனிலேயே கேட்டுவிடுகிறேன். லப்டன் கட்டுதான் போடுவீர்களா, முள்ளின் பின்முள்ளை நசுக்கியிருப்பீர்களா, கோலும் நூலும் எவ்வளவு கனமானவை, மீனைப் படகுக்குள் தூக்க எது வைத்திருக்கிறீர்கள். நல்ல கேப்டன் இந்தக் கேள்விகளைக் கேட்டால் சந்தோஷப்பட்டு இன்னும் பத்து நிமிடம் விளக்குவார். 40, 50 பவுண்டு தாங்கும் பின்னல் நூல், ஏழடிக் கெட்டிக் கோல் இருந்தால் பெரிய மீனையும் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். மெல்லிய சாமானில் அரை மணி நேரம் இழுப்பது வீரம் மாதிரித் தெரியும், ஆனால் ஆகஸ்டில் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, களைத்துப்போன மீன் மூச்சைப் பிடித்து எழ முடியாது.

இத்தனை கஷ்டப்பட்டுப் பிடித்துவிட்டு வீட்டுக்கு எடுத்து வர முடியாதா?

முடியாது. நான் இதை எழுதும்போது விதி இப்படி: 18 முதல் 27 அங்குலம் வரை உள்ள மீன் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று. 27-ஐத் தாண்டியது எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. விதிகள் மாறும், கிளம்பும் முன் மாநிலத்தின் மரைன் ஃபிஷரீஸ் துறை அறிவிப்பை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மாலைப் படகில் நாம் தேடிப்போவது 40 அங்குலத்துக்கு மேல் உள்ளவை, ஆகவே பிடிப்பது எல்லாம் திரும்பத் தண்ணீருக்குத்தான்.

அம்மா இங்கே வந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டு, சாப்பிடாத மீனை எதற்குடா இம்சை பண்ணுகிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த மீன் அறுபது வயதுக்கு மேலும் வாழும். செவிக்குள் இருக்கும் சின்னக் கல்லை அறுத்துப் பார்த்தால் மரத்தில் இருப்பது போல வளையங்கள் இருக்கும், அதை எண்ணித்தான் வயதைக் கண்டுபிடிக்கிறார்கள். முதல் சில வருடங்களில் வேகமாக வளர்ந்துவிட்டு அப்புறம் மெல்ல மெல்லத்தான் நீளம் கூடும், அதனால் உங்கள் கையில் இருக்கும் 42 அங்குல மீனுக்குப் பத்து வயதும் இருக்கலாம், உங்களைவிட மூத்ததாகவும் இருக்கலாம். 27 அங்குல எல்லையைத் தாண்டும்போது அது முட்டையிடும் வயதை நெருங்கிவிடுகிறது, அதற்குப் பிறகு வருடா வருடம், இருபது முப்பது வருடம், லட்சக்கணக்கில் முட்டை போடும். ஒரு பெரிய மீனைக் கொன்றால் அத்தனை வருடமும் போய்விட்டது.

கொன்று பார்த்த கதையும் உண்டு. 1980-களில் நியூ ஆர்லியன்ஸில் பால் புருதோம் என்கிற சமையல்காரர் இந்த மீனை வெண்ணெயும் மசாலாவும் தடவிக் கரிய வறுத்துப் பரிமாறியது நாடு முழுக்கப் பரவியது. எல்லா ஊர் உணவகமும் ரெட்ஃபிஷ் கேட்டது. மெக்சிகோ வளைகுடாவில் பெரிய வலைப் படகுகள் முதிர்ந்த மீன் கூட்டங்களைச் சுற்றி வளைத்து அள்ளத் தொடங்கின, கடைசியில் அரசு அங்கே கூட்டாட்சிக் கடற்பகுதியில் பிடிப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2007 அக்டோபரில் அதிபர் ஜார்ஜ் புஷ் இந்த மீனையும் ஸ்டிரைப்ட் பாஸையும் காப்பதற்குத் தனி ஆணை போட்டார். ஒரு சமையல் குறிப்பு ஒரு மீனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதைப் படித்ததிலிருந்து எனக்கு மறக்கவே இல்லை.

சாப்பிட ஆசையாக இருந்தால் சின்னது ஒன்று விதிப்படி எடுத்து வந்து குழம்பு வையுங்கள், கத்தாளைக்கு வைக்கிற அதே புளிக் குழம்பு, பிரமாதமாக இருக்கும். பெரிய மீனின் சதை முரடு, சாப்பிடுவதற்கு அது இதற்கு ஈடே இல்லை. அம்மாவின் கேள்விக்கு மிச்சம் இருக்கிற பதில்: இம்சை இல்லை என்று நான் சொல்லமாட்டேன், இருக்கிறது. அதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கிறவர்களோடு மட்டும் போகிறேன். இரண்டு மீன் விட்ட பிறகு போதும் என்று நாங்களே நிறுத்திக்கொள்வதும் உண்டு.

போட்டோ எடுக்கலாமா? மீனை எப்படிப் பிடிப்பது?

எடுக்கலாம், ஆனால் எல்லாம் தயாரான பிறகு மீன் மேலே வரட்டும். யார் எடுக்கிறார்கள், விளக்கு எங்கே, போன் திறந்திருக்கிறதா, இதையெல்லாம் மீன் தண்ணீரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை அதன் மேல் இருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். ஒரு கை வால் அடியில், இன்னொரு கை முன்துடுப்புகளுக்குப் பின்னால் வயிற்றின் கீழ், மீன் படுத்த வாக்கில். தாடையைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு எடை பார்க்கிற வழக்கம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். 30 பவுண்டு உடம்பு தண்ணீரில் கனமே தெரியாமல் இருந்து பழகியது, தாடையில் தொங்கும்போது உள்ளுறுப்பு எல்லாம் இழுபடும். செவுளுக்குள் விரல் போகவே கூடாது.

நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு மூச்சு முட்டும்போது மீன் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு கேப்டனின் பதினான்கு வயதுப் பையன்.

விடும்போது வாலைப் பிடித்துக்கொண்டு, தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி நேராக நிறுத்தி வையுங்கள். செவுள் திறந்து மூடுவது தெரியும். அவசரப்பட வேண்டாம். கிளம்பத் தயாரானால் வால் உங்கள் கையை உதறும், அந்த உதறலுக்கு ஒரு பலம் இருக்கும், தப்பாகவே நினைக்க முடியாது.

லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

மாநிலத்தில் கடல்நீரில் தூண்டில் போடப் பதினாறு வயதானவர்களுக்கு லைசென்ஸ் உண்டு. ஆனால் வாடகைப் படகுக் கேப்டன்களில் பெரும்பாலோர் பயணிகள் எல்லோருக்கும் சேர்த்து எடுத்திருப்பார்கள், முன்பதிவு செய்யும்போது கேட்டுக்கொள்ளுங்கள். கேப்டனுக்குக் கோஸ்ட் கார்டு, அதாவது கடலோரக் காவல்படை, தரும் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள், சாதாரணமாக அது ஆறு பயணிகள் வரைக்கும் ஏற்றிப்போகத் தருவது. இந்தத் திறந்த படகுகளுக்கு மூன்று நான்கு பேர்தான் சரி.

செலவு?

தலைக்கு இவ்வளவு என்று இல்லை, படகுக்கு இவ்வளவு. ஆகவே நான்கு பேராகப் போனால் கட்டுப்படி ஆகும். இரை, கோல், நூல் எல்லாம் அதிலேயே அடக்கம். முடிவில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது வழக்கம், அதையும் கணக்கில் வையுங்கள். நள்ளிரவில் மூன்று மணி நேரம் காரோட்ட வேண்டாம், நியூ பெர்னிலோ ஓரியண்டலிலோ ஒரு அறை போட்டுவிடுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா? எனக்கு நீச்சலே தெரியாது.

எட்டு வயதுக்கு மேல் என்றால் சரி, அதுவும் இருட்டில் நான்கு மணி நேரம் உட்காரும் பொறுமை இருந்தால். படகு ஓடும்போது 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். நீச்சல் தெரியாத பெரியவர்களும் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள், எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் ஏறியதிலிருந்து இறங்கும் வரை கழற்றுவதே இல்லை.

வாந்தி வருமா என்று கேட்பீர்கள். கடல் மாதிரிப் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது, ஆனால் ஆழம் குறைவு என்பதால் காற்று கொஞ்சம் எழுந்தாலே குட்டைக் குட்டையாய், செங்குத்தாய், அடுத்தடுத்து அலை வந்து மோதும். சந்தேகம் இருப்பவர்கள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுவிடுங்கள்.

என்ன எடுத்து வர வேண்டும்?

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, ஒரு மெல்லிய மழைச்சட்டை, சிவப்பு வெளிச்சம் தரும் தலைவிளக்கு. கொசுமருந்து கட்டாயம், காற்று நின்றால் பூச்சி பிய்த்து எடுத்துவிடும். ஆனால் அதைத் தடவின கையோடு இரையைத் தொடாதீர்கள். தண்ணீர் நிறைய.

சாப்பாட்டுக்கு நாங்கள் எடுத்துப்போவது புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். கெடாது, கரண்டி வேண்டாம், எந்தக் கேப்டனும் ஒரு தட்டு வாங்காமல் விட்டதில்லை. வாழைப்பழம் மட்டும் வேண்டாம். படகில் வாழைப்பழம் ஆகாது என்பது இங்கே பழைய நம்பிக்கை, சிலர் உண்மையிலேயே மனம் வருந்துவார்கள், அவர்கள் படகு, அவர்கள் நம்பிக்கை.

வேறு என்ன மீன் மாட்டும்?

கௌநோஸ் என்கிற திருக்கை நிறைய, அது மாட்டினால் நங்கூரத்தை இழுக்கிற மாதிரி இருக்கும். புல் ஷார்க் குட்டிகள், கரும்புள்ளித் துடுப்புச் சுறா, கெளுத்தி. சில இரவு முழுக்கத் திருக்கைதான், கேப்டன் இடத்தை மாற்றுவார், அங்கேயும் திருக்கை. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

மழை, இடி வந்தால்?

ஆகஸ்ட் மாலை என்றாலே இடிமழைக்கு வாய்ப்பு உண்டு. திறந்த தண்ணீரில் ஆறேழு கோல்களை நிமிர்த்தி வைத்துக்கொண்டு மின்னலுக்கு நடுவில் இருப்பது போல ஆபத்து வேறில்லை. கேப்டன் நங்கூரத்தைத் தூக்கச் சொன்னால் மறுபேச்சு வேண்டாம், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி. துறையிலேயே நின்று இன்று வேண்டாம் என்று சொல்கிற கேப்டனுக்கு நான் அடுத்த வருடமும் போன் செய்வேன்.

சான்றிதழ் தருவார்களாமே?

ஆமாம். 40 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள ரெட் டிரம்மைப் பிடித்து உயிரோடு விட்டால் மாநிலம் ஒரு சான்றிதழ் தருகிறது, சைட்டேஷன் என்பார்கள். கேப்டன் அளந்து எழுதிக் கொடுப்பார். என் மகளுடையது அவள் படிப்பு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறது, 43 அங்குலம்.

உண்மையிலேயே டிரம் மாதிரிச் சத்தம் போடுமா? கேட்க முடியுமா?

போடும். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையின் பக்கத்தில் ஒரு தசை, அதை வேகமாக அதிர வைத்து முழக்குகிறது. அந்திக்குப் பிறகு ஆண் மீன்கள் பெண் மீன்களை அழைப்பது இப்படித்தான். ஆராய்ச்சியாளர்கள் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, எந்தெந்த இடத்தில் முட்டையிடுகின்றன என்பதை இந்தச் சத்தத்தை வைத்தே குறித்தார்கள்.

மட்டக்களப்பு வாவியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்கள் என்று அந்த ஊர் நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். போன செப்டம்பரில் அவரும் வந்திருந்தார். பத்து மணி வரை ஒரு கடியும் இல்லை, காற்று சுத்தமாக நின்றுவிட்டது. அவர் படகில் கிடந்த மரத்துடுப்பை எடுத்துத் தண்ணீரில் இறக்கி, பிடியில் காதை வைத்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கையால் என்னைக் கூப்பிட்டுத் துடுப்பைக் கொடுத்தார்.

தூரத்தில் யாரோ மரப்பெட்டியை விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி, டுக் டுக் டுக், ஒரு இடைவெளி, மறுபடியும் டுக் டுக். கொஞ்சம் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது. கேப்டனும் வந்து கேட்டார். அன்று ஒரு மீனும் மாட்டவில்லை, கேப்டன் இன்னொரு இடம் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டபோது நாங்கள் நான்கு பேரும் வேண்டாம் என்றோம், துடுப்பை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு பதினொன்றரை வரை அங்கேயே இருந்தோம்.